ஆகாத வேளையில் போட்ட தூண்டில்

முன்னொரு காலத்திலே, காலத்துக்கே இன்னும் யாரும் கடிகாரம் கட்டிவிடாத காலத்திலே, ஆழிமங்கலம் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அதை ஆண்ட ராஜாவின் பெயர் மகுடவர்மன். பெயரில்தான் மகுடம், தலையில் வெறும் தலைப்பாகை. ஏன் என்கிறீர்களா? சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

அவருடைய முப்பாட்டனார் ஒருநாள் உச்சிவெயில் தாங்காமல் நீலமடு என்னும் ஆழமான நீர்நிலையில் குளிக்க இறங்கினார். கிரீடத்தைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு இறங்கினால் என்னவாம்? ராஜா அல்லவா, கழற்ற மாட்டேன் என்று ஒரு வீம்பு. ஒரே ஒரு முழுக்குத்தான் போட்டார். தலை மேலே வந்தது, கிரீடம் வரவில்லை. தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொள்ள மனசு வருமா? "தப்பு இந்த வேளையுடையது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஆழிமங்கலத்தில் உச்சிப்பொழுதுக்கு ஆகாத வேளை என்று பெயர் வந்தது. அந்த வேளையில் மடுவில் வலை வீசக் கூடாது, தூண்டில் போடக் கூடாது, தண்ணீரைத் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. மீறினால் நாடு கடத்தல்.

ஆகாத வேளை வந்துவிட்டது என்று ஊருக்கு அறிவிக்கப் படித்துறையில் ஒரு வெண்கல மணி தொங்கியது. அதை அடிப்பது மருதாயியின் வேலை. அவள் கயிற்றை இழுத்ததும் படகெல்லாம் அவசர அவசரமாகக் கரை சேரும். வலைக்காரர்கள் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடப்பார்கள். மருதாயியும் மடுவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சோற்றுச் சட்டியைத் திறப்பாள்.

அப்போது அவள் முதுகுக்குப் பின்னால் சளக், சளக், சளக் என்று ஈரக்கால் சத்தம் கேட்கும். அவள் புருஷன், வலைக்காரன் காத்தமுத்து, வருகிறான் என்று அர்த்தம். மடுவில் அவனைப் போல முங்கத் தெரிந்தவன் கிடையாது. சாப்பிடத் தெரிந்தவனும் கிடையாது. மணியின் ரீங்காரம் அடங்குவதற்குள் வந்து நின்று, "என்ன புள்ள, களி கிண்டியாச்சா?" என்பான். அவளும் கேழ்வரகுக் களியை உருட்டி, நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, அவன் கையில் வைப்பாள். இப்படிச் சந்தோஷமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மடுவின் அக்கரையில், பாறைக் குகையில், சுழிநாதன் என்றொரு மந்திரவாதி இருந்தான். மடுவுக்குள் கிடக்கும் கிரீடத்தின் மேல் அவனுக்கு ஒரு கண். அதைத் தலையில் வைத்துக்கொண்டால் அந்த ராஜ்யத்துத் தண்ணீரெல்லாம் அவன் சொன்னபடி ஓடும் என்று அவனுடைய ஏடுகள் சொல்லியிருந்தன. ஆனால் அவனுக்கு நீச்சல் தெரியாது. ஊரையே தலைகீழாக்கும் மந்திரவாதிக்கு முழங்கால் தண்ணீர் என்றால் நடுக்கம்.

ஒருநாள் காலையில் படித்துறைக்கு வந்து காத்தமுத்துவைக் கூப்பிட்டான்.

"கிரீடத்தை எடுத்துக் கொடு. உனக்கு என்ன வேண்டுமோ கேள்."

"அது ராசா வீட்டுச் சொத்து. கெடச்சா ராசாகிட்ட குடுப்பேன். ஒங்கிட்ட எதுக்குக் குடுக்கணும்?" என்றான் காத்தமுத்து.

சுழிநாதனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒரு கை தண்ணீரை அள்ளி அவன் மேல் தெளித்தான். "முங்கத் தெரிந்தவனே, முங்கியே கிட! சேற்றைக் கிளறித் தேடு!" என்று கத்தினான். அவ்வளவுதான். காத்தமுத்துவின் மூக்கு மண்வெட்டி மாதிரி நீண்டது. மூக்குக்குக் கீழே நான்கு மீசைகள் தொங்கின. முதுகில் வரிசை வரிசையாக எலும்புக் கேடயங்கள் முளைத்தன. ஆளுயர மீனாகித் தண்ணீருக்குள் விழுந்து மறைந்துவிட்டான். தூரதேசத்துக்காரர்கள் இந்த மீனை ஸ்டர்ஜன் என்பார்கள். ஆழிமங்கலத்தில் இதற்குக் கேடயமீன் என்று பெயர்.

மணித்தூணுக்குப் பக்கத்திலிருந்து மருதாயி இதைப் பார்த்துவிட்டாள். அழுதுகொண்டு நிற்கவில்லை. பாய்ந்து போய் மந்திரவாதியின் தாடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரரைக் குடு! இல்லன்னா ஒன்ன அப்படியே தண்ணியில எறக்கிருவேன்!"

"ஐயோ, தண்ணீர் வேண்டாம், விடு விடு!" என்று அலறினான் சுழிநாதன். மந்திரத்துக்கு ஒரு சட்டம் உண்டு, தெரியுமோ? பூட்டுப் போட்டவன் சாவியும் செய்தே ஆக வேண்டும். அதை எங்கே ஒளித்து வைப்பது என்பது மட்டும் அவன் இஷ்டம். சுழிநாதன் ஓரக்கண்ணால் மணியைப் பார்த்தான். ஒரு குறும்புச் சிரிப்புச் சிரித்தான்.

"சரி, கேள். மடுவில் அவன் இரை கடிக்கும் வேளை ஒரே ஒரு வேளைதான். அந்த வேளையில் உன் தூண்டிலில் சிக்கினால் மனிதனாகிவிடுவான். மூன்று தடவை போடலாம். வருகிற அமாவாசைப் பொழுது சாய்வதற்குள் மூன்றையும் போட்டுவிட வேண்டும். சிக்காவிட்டால் ஆயுசுக்கும் மீன்தான். நேரம் பார்த்துத் தூண்டில் போடு! தப்பினால் அவன் தண்ணீரோடு!"

மருதாயி வலைக்காரர் தலைவர் ஓடப்பனிடம் ஓடினாள். "மீனு எந்நேரத்துல இரை எடுக்கும்ணே?"

"விடியக்காலந்தான் தங்கச்சி. தண்ணி சில்லுன்னு இருக்கும், மீனு வயிறு காஞ்சு கெடக்கும். கண்ண மூடிக்கிட்டுப் போடு."

மறுநாள் விடியற்காலையில் களியை உருட்டித் தூண்டிலில் மாட்டிப் போட்டாள். கயிறு வெடுக்கென்று இழுத்தது. மூச்சு முட்ட இழுத்துக் கரையில் போட்டாள். ஆளுயரக் கேடயமீன்! "வந்துட்டீங்களா!" என்று அதைக் கட்டிக்கொண்டாள்.

"யாரம்மா நீ? இப்படி இறுக்குகிறாயே!" என்றது மீன். "நான் பெண் மீன்."

"மீசை இருக்கே!"

"எங்கள் குலத்தில் பெண்ணுக்கும் மீசைதான்."

அந்த மீனை அரண்மனைச் சமையல்காரரிடம் கொடுத்தால் ஒரு பை பொன் கிடைத்திருக்கும். ஆனால் அவளுக்கு மனசு வரவில்லை. 'இதுக்காக எந்த வீட்டுல யாரு காத்திருக்காங்களோ' என்று நினைத்தாள். மெல்ல முள்ளைக் கழற்றி மீனைத் தண்ணீரில் விட்டாள். மீன் போகாமல் படியோரம் நின்றது.

"நல்ல மனசு உனக்கு. புதிதாக ஒருத்தன் அடியிலே வந்திருக்கிறான், அவனைத்தானே தேடுகிறாய்? விடியலில் அவன் எழுந்திருக்கவே மாட்டான். அவன் விடும் குறட்டையில் எங்களுக்குத்தான் தூக்கம் போகிறது."

மருதாயி தலையில் அடித்துக்கொண்டாள். வெயில் சுள்ளென்று சுடும்வரை போர்வையை விடாதவனாயிற்றே! ஒரு தடவை வீணாகிவிட்டது. அக்கரையிலிருந்து சுழிநாதன் கைகொட்டிப் பாடினான். "நேரம் பார்த்துத் தூண்டில் போடு! தப்பினால் அவன் தண்ணீரோடு!"

அடுத்து அரண்மனை ஜோசியரிடம் போனாள். அவர் சோழியை உருட்டினார், விரலை மடக்கினார், கண்ணை மூடினார். "அந்திப் பொழுதம்மா. விளக்கு வைக்கிற நேரம் லட்சுமி வருகிற நேரம். மீன் வராதா?" என்றார். மருதாயி அந்தியில் போட்டாள். கயிறு வெடுக்கென்று இழுத்தது. இரண்டு கையாலும் இழுத்தாள்.

"மன்னித்துக்கொள், மறுபடியும் நான்தான்" என்றது பழைய மீன். "அந்தக் களி இருக்கிறதே, அதன் ருசி நாக்கிலேயே நிற்கிறது. அடக்க முடியவில்லை."

மருதாயிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அவரு எப்பத்தான் சாப்பிடுவாரு?"

"அவன் சாப்பிட்டு நான் பார்க்கவே இல்லை. இளைத்து நார் மாதிரி ஆகிவிட்டான். பொழுது சாய்ந்தால் உன் வீடு இருக்கும் திசையைப் பார்த்து அழுகிறான். அழுகிறவன் தொண்டையில் என்ன இறங்கும்?"

 மருதாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே நான் களி போட்டா நீ வரக் கூடாது, தாயி" என்றாள்.

"ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வரமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தது மீன்.

அமாவாசை வந்துவிட்டது. ஒரே ஒரு தூண்டில்தான் பாக்கி. காலையிலிருந்து மருதாயி யோசித்து யோசித்துக் களைத்துப் போனாள். விடியல் இல்லை, அந்தி இல்லை. முற்பகலா, பிற்பகலா? உச்சிப்பொழுதை மட்டும் அவள் நினைக்கவே இல்லை. எப்படி நினைப்பாள்? ஆழிமங்கலத்தில் பிறந்தவர்களுக்கு அது ஒரு வேளையே இல்லை. தினமும் அதற்கு மணியடித்தவளுக்கும்தான்.

பொழுது உச்சிக்கு வந்தது. வேலையை விட முடியுமா? எழுந்து போய்க் கயிற்றை இழுத்தாள். டாண் என்றது மணி. படகுகள் கரை சேர்ந்தன, வலைக்காரர்கள் வீட்டுக்கு நடந்தார்கள். மருதாயி மடுவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சட்டியில் களி இருந்தது. சாப்பிட முடியவில்லை. பழக்கம் விடுமா? காது தானாக ஈரக்கால் சத்தத்துக்குக் காத்திருந்தது.

சளக்.

மருதாயி சட்டியைக் கீழே வைத்தாள்.

சளக், சளக்.

சட்டமாவது ஒன்றாவது! திரும்பிப் பார்த்தாள். கடைசிப் படியோரம், கலங்கிய தண்ணீரில், நான்கு மீசைகள் தட்டுப்பட்டன. மண்வெட்டி மூக்கு ஒன்று படியை முட்டி முட்டி நின்றது. தினமும் இப்படித்தான் வந்து நின்றிருக்கிறான் பாவி மனுஷன், மணி கேட்டதும் சாப்பாட்டுக்கு! ஊரே முதுகைக் காட்டிக்கொண்டு போனால் யார் பார்ப்பார்கள்? இத்தனை நாளும் மணியடித்த கையோடு யோசனை கேட்க ஓடியவள் காதில் அந்தச் சத்தம் எப்படி விழும்? மீன் எப்போது இரை கடிக்கும் என்று ஊரெல்லாம் கேட்டேனே, என் புருஷனுக்கு எப்போது பசிக்கும் என்று நான் யோசிக்கவில்லையே என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தூண்டிலை எடுத்த கை ஒரு கணம் நின்றது. போட்டால் நாடு கடத்தல். 'நாடு போனா போவுது. வேற நாட்டுலயும் கேழ்வரகு வெளையும். இவரு இல்லாம எந்த நாட்டுல இருந்து என்ன?' என்று சொல்லிக்கொண்டே களியை உருட்டினாள். நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டாள். தூண்டிலைப் போட்டாள்.

லபக்கென்று ஒரே வாய்! கயிறு விறைத்தது.

அக்கரையில் சுழிநாதன் பதறிப் போனான். மடுவைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தான். "ஆகாத வேளை! ஆகாத வேளை! காவலர்களே, சட்டத்தை மீறுகிறாள்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். பாருங்கள், சட்டத்தின் மேல் அவனுக்குத் திடீரென்று வந்த பாசத்தை! காவலர்கள் ஓடிவந்தார்கள். சத்தம் கேட்டுத் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு ராஜாவும் ஓடிவந்தார்.

"மருதாயி! மணியடிக்கிற நீயே மீறலாமா?"

மருதாயியின் கால் படியில் வழுக்கிக்கொண்டிருந்தது. கயிறு கையை அறுத்தது. "தண்டனைய அப்புறமாக் குடுங்க ராசா! மொதல்ல கயித்தப் பிடிங்க, என் வீட்டுக்காரரு போயிருவாரு!"

ராஜாவுக்கு என்ன தோன்றியதோ, பிடித்துவிட்டார். ராஜாவே பிடித்த பிறகு காவலர்கள் சும்மா நிற்பார்களா? அவர்களும் பிடித்தார்கள். ஒரு இழுப்பு இழுத்தார்கள், மூக்கு வந்தது. இன்னொரு இழுப்பு, முதுகு வந்தது. மூன்றாவது இழுப்பில் வாலும் படியேறியது. கேடயங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று கலகலவென்று படியில் உருண்டன. நடுவில், சொட்டச் சொட்ட நனைந்து, ஒரு மெலிந்த மனிதன் உட்கார்ந்திருந்தான்.

"அப்பாடா!" என்றான். கண்ணைக் கசக்கிக்கொண்டான். "என்ன புள்ள, களி இன்னும் இருக்கா?"

மருதாயி சிரித்தாள், அழுதாள், அவன் முதுகில் இரண்டு அடி வைத்தாள், பிறகு சட்டியை எடுத்து அவன் மடியில் வைத்தாள். இத்தனை நாளும் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் அப்போதுதான் இறங்கியது.

"இதென்ன காலில்?" என்றார் ராஜா.

காத்தமுத்துவின் கணுக்காலில் சேறு பூசிய வளையம் ஒன்று மாட்டியிருந்தது. "ஒங்க வீட்டுக் கிரீடந்தான் ராசா. மொத நாளே சேத்துக்குள்ள கெடச்சுது. இந்த மந்திரவாதி தினம் கரையில நின்னு கேட்டான். குடுப்பனா? போற எடமெல்லாம் வாலுல மாட்டிக்கிட்டே அலைஞ்சேன்."

மகுடவர்மன் மண்டியிட்டு, வலைக்காரனின் காலிலிருந்து தன் கிரீடத்தைத் தானே கழற்றினார். தலைப்பாகையை அவிழ்த்துப் போட்டார். "அப்பாடா, என்ன புழுக்கம்!" என்று உச்சந்தலையைச் சொறிந்துகொண்டார்.

சுழிநாதனைத் தேடினால் ஆளைக் காணோம். திறந்த பூட்டு போட்டவனிடமே திரும்பும் என்பதும் மந்திரச் சட்டம்தான். அவன் நின்ற இடத்தில் சுண்டுவிரல் நீள அயிரை மீன் ஒன்று துள்ளியது. இரக்கப்பட்டு மருதாயிதான் அதைத் தண்ணீரில் தள்ளிவிட்டாள். நீச்சல் கற்றுக்கொள்ளட்டும், பாவம்.

"என் முப்பாட்டனார் கிரீடத்தோடு முங்கியதற்கு வேளை என்ன செய்யும்?" என்றார் ராஜா. "இன்றோடு ஆகாத வேளை என்று ஒன்று கிடையாது. மருதாயி, உனக்கு என்ன வேண்டும், கேள்."

"மணி எங்கிட்டயே இருக்கட்டும் ராசா. அடிச்சா எல்லாரும் வேலைய விட்டுட்டுச் சாப்பிடணும். நீங்களுந்தான்."

காத்தமுத்துவுக்கு ராஜா புதுப் படகு ஒன்று கொடுத்தார். மணியும் மருதாயியிடமே இருந்தது. உச்சிப்பொழுதில் அது டாண் என்று ஒலித்தால் ஆழிமங்கலம் முழுவதும், அரண்மனை முதல் படகு வரை, எல்லோரும் "அப்பாடா!" என்று உட்காருவார்கள். அதனால் அந்த வேளைக்கே அப்பாடா வேளை என்று பெயராகிவிட்டது. அந்த வேளையில் மருதாயி மடுவைப் பார்த்துத்தான் உட்காருவாள். பக்கத்தில் காத்தமுத்து உட்காருவான். சாப்பிடுமுன் ஒரு களி உருண்டையைத் தண்ணீரில் போடுவாள். வாக்குத் தவறாத பழைய மீன் மீசையை ஆட்டிக்கொண்டு மேலே வரும், உருண்டையில் தூண்டில் முள் இல்லை என்று அதற்குத் தெரியும்.

கதை கரையேறிவிட்டது. உங்கள் வீட்டிலும் யாரோ தட்டு வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். எழுந்து போய்ச் சாப்பிடுங்கள்.