கொக்கனேரிக் கூட்டத்துக்குப் பிறகு

தணிகாசலம் வனத்துறையில் ரேஞ்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஆசிரியை ரெஜினா அவரைவிட வயதில் இளையவர். ஏரியையோ காட்டையோ காப்பாற்றத் திட்டம் தீட்டுகிறவர்களுக்கு வழித்துணையாக இருப்பது எப்படி என்று ரெஜினா சொல்லிக் கொடுத்தார்.

"பதில் சொல்லாதீங்க. கேள்வி கேளுங்க. அவங்களே வழியைக் கண்டுபிடிப்பாங்க." அதுதான் முதல் பாடம்.

தணிகாசலம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மாவட்டத்துக்கு ஒருவர் என்று ஆட்களைச் சேர்த்துப் பழக்கினார். தனியாகத் தவிக்கும் யாருக்கும் போன் செய்ய ஒருவர் இருப்பார் என்று பெருமையாகச் சொல்வார்.

அவர் துணையாக இருந்தது நஸ்ரினுக்கு. கொக்கனேரியைக் காப்பதற்கான திட்டத்தை நஸ்ரின் எழுதிக்கொண்டிருந்தாள். ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டியிருந்தன. அந்த மரங்களின் மேலேயே புறவழிச்சாலை வருவதாக இருந்தது.

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தன்று காலையில் அவள் போன் செய்தாள்.

"சார், சாலை கான்ட்ராக்டர் ஆளுங்க, திட்டத்துல சாலையைப் பத்தின பகுதியைக் கூட்டத்துல படிக்கக் கூடாதுங்கறாங்க. வீட்டு வாசல்ல ஆள் வந்து நின்னு மிரட்டிட்டுப் போறான். நான் என்ன செய்யட்டும்?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார் தணிகாசலம்.



"படிக்கணும்னுதான் நினைக்கிறேன்."

"அப்போ அதுதான் உங்க முடிவு."

அவள் படித்தாள். கூட்டத்தில் நடந்ததை அவர் மறுநாள்தான் கேள்விப்பட்டார். கூச்சல் போட்டு மைக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். அவள் மைக் இல்லாமல் கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறாள். அன்று சாயங்காலமே அவள் கணவரின் செல்போன் கடையை அடித்து நொறுக்கிவிட்டார்கள். அவள் வேலை பார்த்த அமைப்பு, அது அவளுடைய சொந்தக் கருத்து என்று கைகழுவியது. குஞ்சுகள் பறக்கப் பழகுவதற்கு முன்பே லாரிகள் ஏரியில் மண்ணைக் கொட்டின.

தணிகாசலம் ரெஜினாவிடம் போனார்.

"நான் கேட்ட கேள்வியில என்ன தப்பு, மேடம்?"

ரெஜினா எழுந்தார். "வாங்க, அந்தப் பொண்ணைப் பார்த்துட்டு வருவோம்" என்றார்.

அவர்கள் போனபோது வீட்டு வாசலில் ஒரு மினி லாரி நின்றது. நஸ்ரினும் கணவரும் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அம்மா ஊருக்கே போய்விடுகிறார்களாம்.

"உட்காரச் சொல்ல நாற்காலி இல்லை சார். எல்லாம் ஏத்தியாச்சு" என்றாள்.

தணிகாசலம் நின்றபடியே பேசினார். "மனசை விட்டுடாதீங்கம்மா. உங்களை மாதிரி ஆளுங்கதான் நமக்கு வேணும். புதுசா வர்றவங்களுக்கு நீங்க துணையா இருக்கணும்."

நஸ்ரின் கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தாள்.

"அவங்களும் ஒருநாள் காலையில போன் பண்ணுவாங்க. வாசல்ல ஆள் வந்து மிரட்டறான், என்ன செய்யட்டும்னு கேப்பாங்க. நான் என்ன சார் சொல்லணும்?"

தணிகாசலம் ரெஜினா நின்ற பக்கம் திரும்பினார். ரெஜினா அங்கே இல்லை. உள்ளே போய் இரும்புக் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"அந்தப் பக்கம் பிடிங்க சார்."

கட்டில், பாத்திர மூட்டை, கடையில் மிஞ்சிய கண்ணாடிப் பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சுமந்தார்கள். நஸ்ரின் தடுக்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். லாரி போன பிறகு தெரு வெறிச்சென்று கிடந்தது.

தணிகாசலத்துக்கு மூச்சு வாங்கியது.

"நீங்க சொல்லிக் கொடுத்ததைத்தானே செஞ்சேன், மேடம்?"

"ஆமா."

"கேள்விதானே கேட்கச் சொன்னீங்க?"

"ஆமா."

"அப்போ தப்பு யாரோடது?"

"முதல்ல என்னோடது." ரெஜினா கையில் படிந்திருந்த துருவைத் தட்டிவிட்டார். "அவ போன் பண்ணப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"வீட்டுலதான்."

"இந்த ஊருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை மணி நேரம்."

"பஸ் உண்டா?"

"அடிக்கடி உண்டு" என்றார் தணிகாசலம். அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.