எல்லாம் சரிங்க

"எங்க பட்டறையில ஒரு குறையும் இல்லீங்கம்மா," என்றான் சென்னியப்பன்.

மடத்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சந்தோஷம்," என்றார்.

"அதனாலதான் பயமா இருக்குதுங்க."

கீரை ஆய்ந்த கை நின்றது.

சென்னியப்பன் ஒரு பெரிய சாயப்பட்டறையின் மேனேஜர். சிவன்மலைக்குப் போகும் வழியில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு இரண்டு வருஷமாக வந்து போகிறான். மடத்தை நடத்தும் அம்மா அவனைவிட ஏழெட்டு வயது இளையவர். முதல் தடவை அவர் காலில் விழுவதற்கே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது அந்தக் கூச்சம் போய்விட்டது. கேள்வி கேட்கத்தான் கூச்சம், ஏனென்றால் அம்மா பதில் சொல்வதே அபூர்வம்.

"விவரமாச் சொல்லுங்க மேனேஜரே," என்றார் அம்மா.

அவர் எப்போதும் அவனை அப்படித்தான் கூப்பிடுவார். கேலியா மரியாதையா என்று அவனுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவன் சொன்னான். உற்பத்தி ஏறியிருக்கிறது. முதலாளி கூப்பிட்டுத் தட்டிக்கொடுத்தார். லீவு கேட்பார் இல்லை, சண்டை சச்சரவு இல்லை. ஆட்களின் குறையைக் கேட்கவென்று ஒரு பெட்டி மாட்டினான். ஆசையாகத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சிலந்தி மட்டும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. மாதம் முழுக்க விபத்து இல்லை என்றால் எல்லோருக்கும் பிரியாணி என்று அறிவித்தான். மாதம் தவறாமல் பிரியாணி.

"பிரியாணியைப் பார்த்தா பயம்?"

"இல்லீங்கம்மா. போன வாரம் கோயமுத்தூர்ல இருந்து ஒருத்தரைக் கூட்டியாந்தேன். ஆளுங்க மனசு லேசாகட்டும்னு சிரிப்புப் பயிற்சி. அவரு சிரிக்கச் சொன்னாரு, எல்லாரும் சிரிச்சாங்க. நிறுத்தச் சொன்னாரு."

அவன் தரையில் கிடந்த ஒரு கீரைக்காம்பை எடுத்தான்.

"நிறுத்திட்டாங்க. குழாயை மூடுன மாதிரி. ஒரு மூஞ்சியிலகூட மிச்சம் இல்லீங்க."

அம்மா கீரைக்கட்டைத் தள்ளி வைத்தார்.

"அன்னைக்கு ராத்திரியில இருந்து தூக்கம் இல்லை. பக்கத்துப் பேட்டையில ஒரு பட்டறையில பாய்லர் வெடிச்சுதுங்களே. அந்த மேனேஜர் நமக்குத் தெரிஞ்சவரு. முந்தின நாள்கூடப் போன்ல பேசினோம். எல்லாம் சரியா இருக்குதுன்னாரு."

"பொய் சொன்னாரா?"

"இல்லீங்க. அவர்கிட்ட அப்படித்தான் சொல்லியிருந்தாங்க."

"உங்ககிட்ட எப்படிச் சொல்றாங்க?"

"என்ன கேட்டாலும் 'சரிங்க'ன்னு சொல்றாங்க."

"வேற வார்த்தையே வராதா அவங்களுக்கு?"

சென்னியப்பன் தரையைப் பார்த்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவனே ஆட்களை நிறுத்திவைத்துச் சொன்னதுதான் அது. எனக்கு ரெண்டே வார்த்தை போதும். ஒண்ணு 'சரிங்க', இன்னொண்ணு 'முடிஞ்சுதுங்க'. நடுவுல கதை வேண்டாம். ஒருத்தன் மட்டும் நடுவில் கதை சொன்னான், தண்ணீர் பம்பு சரியில்லை என்று. மறுநாளே அவனை லாரிக்கு மூட்டை ஏற்றும் பக்கம் தள்ளிவிட்டான். பம்பு உண்மையிலேயே சரியில்லை. அதைச் சத்தமில்லாமல் மாற்றினான். ஆளை மட்டும் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் மேனேஜர் மரியாதை என்னாவது?

இதையெல்லாம் அவன் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவும் துருவவில்லை.

"நான் என்ன பண்ணட்டுங்கம்மா?"

"ஆயுத பூஜைக்கு வர்றேன். திருநீறு நான் கொடுக்கறேன்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லலீங்களே."

"சுண்டல் உண்டுதானே?" என்று கேட்டுவிட்டு அம்மா கீரையை மறுபடியும் இழுத்துக்கொண்டார்.

*

பூஜையன்று பட்டறையைக் கழுவிவிட்டிருந்தார்கள். எந்திரங்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. எல்லாம் நின்றிருந்ததால் பேச்சுக்குரல்கூட எதிரொலித்தது.

பாய்லர் மட்டும் அணையவில்லை. உள்ளே ஆவி ஏறி, அடித்தொண்டையில் உறுமிக்கொண்டிருந்தது.

பூஜை முடிந்ததும் மேனேஜர் தன் கையால் பெரிய வால்வைத் திறக்க வேண்டும். ஆவி குழாய்களில் ஓடி சாயத் தொட்டிகளுக்குப் போகும். அதற்குப் பிறகுதான் வேலை. அது அந்தப் பட்டறையின் வழக்கம்.

அம்மா திருநீற்றுத் தட்டோடு நின்றார். சென்னியப்பன் பக்கத்தில் நின்றான். ஆட்கள் வரிசையாக வந்தார்கள்.

"நல்லா இருக்கியா?" என்று அம்மா ஒவ்வொருவரையும் கேட்டார்.

"நல்லா இருக்கேனுங்க."

"நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேனுங்க."

ஒரே ராகம்.

பாய்லர் பார்க்கும் மாரப்பன் வந்தான். குனிந்தான். இடது கையை நீட்டினான்.

வரிசை அப்படியே நின்றது. திருநீற்றை இடக்கையில் வாங்குகிற ஆளை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். குழந்தை நீட்டினால்கூடத் தாய் கையைத் தட்டிவிடுவாள். அம்மாவோ, அவன் நீட்டிய கையில் போடுவதற்குத் திருநீற்றை எடுத்துவிட்டார்.

"மாரப்பா," என்றான் சென்னியப்பன். "எந்தக் கையை நீட்டறே?"

"சரிங்க," என்றான் மாரப்பன்.

முதுகுக்குப் பின்னால் இருந்த வலது கையைக் கொண்டுவந்தான். அதில் சுற்றியிருந்த துணியைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

தோல் உரிந்து, சதை செக்கச்செவேலென்று இருந்தது. விரல்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மாரப்பன் முகம் சுளிக்கவில்லை. சிரிக்கத்தான் முயன்றான்.

சென்னியப்பன் வரிசையைப் பார்த்தான். யாரும் திடுக்கிடவில்லை. ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. எல்லோரும் ஏற்கெனவே பார்த்த கை அது.

"என்னடா இது?"

"ஒண்ணுமில்லீங்க. வீட்டுல டீ போடறப்ப பட்டுடுச்சுங்க."

மாரப்பன் டீயே குடிக்கமாட்டான். அது பட்டறைக்கே தெரியும்.

"இங்க எதுலயாவது பட்டுதா?"

"இல்லீங்க. இங்க எல்லாம் சரிங்க."

அம்மா அந்தக் கையில் திருநீற்றைப் போடவில்லை. அவன் நெற்றியில் தானே பூசினார். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, "வால்வைத் திறக்கணும்னு சொன்னீங்களே, மேனேஜரே," என்றார்.

சென்னியப்பன் நடந்தான். ஆட்கள் பின்னால் வந்தார்கள்.

வால்வின் சிவப்புச் சக்கரத்துக்குப் பொட்டு வைத்திருந்தார்கள். சக்கரத்துக்கு அடியில், வால்வின் கழுத்தில், செவ்வந்தி மாலை சுற்றியிருந்தது. மற்ற எந்திரங்களுக்கு ஒரு சுற்று. இதற்கு மட்டும் நாலைந்து சுற்று. அன்று காலையில் கட்டிய மாலைதான். வெளிச்சுற்றில் பூ பளிச்சென்று இருந்தது. உள்சுற்றில் பூக்கள் வெந்து கருத்துப்போயிருந்தன.

அவன் கையை நீட்டினான். மாலைக்கு அடியிலிருந்து ஆவி கசிந்து முகத்தில் சூடாக அடித்தது.

"திறக்கட்டுமா?" என்று திரும்பாமலே கேட்டான்.

"சரிங்க," என்றார்கள் எல்லோரும்.

செருப்புகள் தரையில் தேயும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தான். மொத்தக் கூட்டமும் பின்னால் நகர்ந்திருந்தது. யாரும் சொல்லி நகரவில்லை. சிரிப்பை நிறுத்தியபோது இருந்த அதே முகங்கள். அவற்றில் இருப்பது பயமா, அல்லது இவன் திறக்கட்டும் என்ற காத்திருப்பா? எத்தனை உற்றுப் பார்த்தும் அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை காலம் இவர்களோடு வேலை பார்த்தும் ஒரு முகத்தைக்கூடப் படிக்கத் தெரியவில்லையே என்று நினைத்தான்.

நகராமல் நின்றவர் அம்மா மட்டும்தான். அவன் தோளை ஒட்டி நின்றார்.

"தள்ளி நில்லுங்கம்மா."

"ஏன்? எல்லாம் சரின்னு சொல்றாங்களே."

"அம்மா, தள்ளிப் போங்க. கும்பிட்டுக் கேக்கறேன்."

"நீங்க திறங்க."

திறக்காமல் திரும்பிப் போய்விடலாம். ஆள் அனுப்பி வால்வை மாற்றிவிடலாம், பம்பை மாற்றிய மாதிரி. நாளைக்கு வேறொன்று ஒழுகும். அதற்கும் யாராவது மாலை சுற்றுவார்கள்.

பாய்லர் உறுமியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"எனக்குப் பயமா இருக்குதுங்கம்மா," என்றான் மெதுவாக.

"தெரியுது. அதை ஏன் என்கிட்டயே வந்து வந்து சொல்றீங்க?"

சென்னியப்பன் அவர் முகத்தைப் பார்த்தான். அதில் கேலி இல்லை.

அவன் கையை இறக்கினான். கூட்டத்தின் பக்கம் திரும்பினான். மேனேஜர் ஆன நாளிலிருந்து அந்த இடத்தில் நின்று அவன் சொல்லாத வார்த்தை அது.

"எனக்குப் பயமா இருக்குது," என்றான்.

யாரும் அசையவில்லை.

"இதைத் திறக்கலாமா கூடாதான்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத்தான் தெரியும். சொல்லுங்க. சொல்ற ஆளை மூட்டை தூக்கப் போடமாட்டேன்."

முன்வரிசைப் பெண் ஒருத்தி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். யாரோ யாரையோ முழங்கையால் இடித்தார்கள். மாரப்பன் தன் வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தான்.

"மாரப்பா, திறக்கட்டுமா?"

"ச..." என்று தொடங்கினான் மாரப்பன்.

நின்றான். அம்மாவைப் பார்த்தான். பிறகு மேனேஜரை, முதல்முறையாக, கண்ணுக்கு நேராகப் பார்த்தான்.

"வேண்டாங்க," என்றான். "தொட்டுறாதீங்க."