பெட்டியில் போட்ட வேகம்

பாளையங்கோட்டையில் பெனினாள் என்றொரு குரு இருந்தாள். மடமும் கிடையாது, மரத்தடியும் கிடையாது. தையல் கடைக்கு மேல்மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு சீடர், சுயம்புலிங்கம். குருவுக்கு வயது முப்பத்திரண்டு, சீடருக்கு அறுபத்தொன்று. அவள் அவரை 'அண்ணாச்சி' என்பாள். அவர் அவளை 'டீச்சர்' என்பார்.

சுயம்புலிங்கம் பஸ் டிப்போவில் டீசல் பம்ப் ரூமில் இருந்து ரிட்டையர் ஆனவர். முப்பத்தொரு வருஷம் பஸ் எஞ்சினின் டீசல் பம்ப்பைச் சோதனை மேடையில் ஏற்றி, மீட்டரைப் பார்த்து, நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பியவர். மீட்டர் சொல்லாத எதையும் நம்ப மாட்டார். காய்ச்சல் அடிக்கிறது என்று யாராவது நெற்றியில் கை வைத்துச் சொன்னால், தெர்மாமீட்டர் எங்கே என்று கேட்கிற ஆள்.

அவர் இந்த வயதில் மாடிப்படி ஏறி வந்து தொழில் படித்ததற்குக் காரணம் அவருடைய மனைவி சண்முகவடிவு. ஜங்ஷன் பக்கம் ஒரு பிரஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம் கம்ப்யூட்டரில் டைப் அடித்தவள். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடக் கேள்வித்தாள், கோயில் மலர் எல்லாம் அவள் கைப்பட்டுத்தான் வெளியே போகும். போன ஐப்பசியில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியது, கால் திரும்பியது. வலது கை மட்டும் அரைகுறையாகத் திரும்பியது. அதில் இரண்டு விரல் இன்னும் யாருக்கோ சொந்தம் போலக் கிடக்கிறது.

பிரஸ்காரர் நல்ல மனுஷர். வேலையை வீட்டுக்கே அனுப்புகிறேன் என்றார். ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு மலர், அறுபத்து நாலு பக்கம். வெள்ளிக்கிழமை காலையில் கையெழுத்துப் பிரதியோடு வருவார். முடியும் என்றால் கொடுப்பார், முடியாது என்றால் வேறு ஆளிடம் போக வேண்டியதுதான். அதற்காகவே சுயம்புலிங்கம் உதிரிப் பாகங்கள் வாங்கித் தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்திருந்தார். அப்போது பெனினாள் பக்கத்தில் நின்றாளே ஒழிய, ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

புதன்கிழமை மத்தியானம் அந்தக் கம்ப்யூட்டர் ஸ்கூட்டரில் அவருடைய இரண்டு காலுக்கும் நடுவில் உட்கார்ந்து கடைக்குத் திரும்பி வந்தது. அவர் முகம் செத்துக் கிடந்தது.

நடந்ததை அவரே சொன்னார். மிஷின் வந்த நாளிலிருந்து வடிவு முக்கால் மணி நேரம் அடிப்பாள், எழுந்து போய்விடுவாள். இரண்டு நாளாக உட்காரவே இல்லை. நேற்று சாயங்காலம், இது நமக்கு ஒத்து வராது, பிரஸ்ஸில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றாளாம். சொல்லும்போது அவள் அழவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை.

"கோளாறு இந்த மிஷின்லதான் டீச்சர். பிராசஸர் பெட்டியில நாலு புள்ளி ஆறுன்னு போட்டிருக்கான். நாலு புள்ளி ரெண்டைத் தாண்ட மாட்டேங்கு. பத்து நாளா பாக்கேன்."

"வேகமா?"

"வேகந்தான். மிஷினு மந்தம். அதான் அவளுக்கு அலுத்துப் போச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிட்டா உக்காந்துருவா."

பெனினாள் மிஷினைத் திறந்தாள். பிராசஸருக்கு மேலே இருக்கும் ஃபேனைக் கழற்றிப் பார்த்தாள். சூட்டைக் கடத்துகிற பேஸ்ட் சீராகப் பரவியிருந்தது. அடியில் ஒட்டி வரும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்து பூட்டுகிறவர்கள் உண்டு, அண்ணாச்சி மறக்கவில்லை. திருப்பிப் பூட்டி, செட்டிங் எல்லாம் பார்த்தாள். பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி அவர் நின்றார்.

வேலை சுத்தமாக இருக்கிறது என்றாள். அவருக்கு அதில் சந்தோஷம் இல்லை. தப்பு இருந்திருந்தால் திருத்தவாவது செய்திருக்கலாமே.

அவள் மானிட்டரை இணைத்து மிஷினைப் போட்டாள். திரை தெரிந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நாலு ஜன்னல் திறந்தன. ஒன்று வேகம் காட்டியது, ஒன்று சூடு, ஒன்று வோல்ட், நாலாவது மூன்றையும் சேர்த்துக் காட்டியது. எண்கள் கொதிக்கிற உலை மாதிரித் துள்ளின.

"இது என்ன அண்ணாச்சி?"

"மீட்டர். ஒரு செகண்டுக்குப் பத்துத் தடவை பாக்கும். அதுக்கு மேல வேகமா வைக்க முடியல." அவர் பையிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்து நீட்டினார். "எல்லாம் எழுதியும் வச்சிருக்கேன்."

பெனினாள் நோட்டைப் புரட்டினாள். இடது பக்கம் முழுக்க மிஷினுடைய எண்கள். வலது பக்கம் தலைப்பில் 'வ' என்று ஒற்றை எழுத்து, அதன் பக்கத்தில் சிவப்பு மையில் 45. கீழே வரிசையாக நேரம் போட்டிருந்தது. பத்தே கால், பதினாலு, பிழை மூன்று. பத்தரை, பதினொன்று, பிழை ஐந்து. பத்தே முக்கால், ஒன்பது.

"வலது பக்கம் எந்த மிஷின்?"

சுயம்புலிங்கம் செருமினார். "அது வடிவு."

நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை என்ற கணக்காம். முன்னேற்றத்தைக் குறித்து வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். டாக்டர் சொன்னது வாரத்துக்கு ஒருமுறை. இவர் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டார். குறைத்துச் செய்கிற பழக்கம் அவருக்கு என்றைக்கும் கிடையாது.

"நாப்பத்தஞ்சு?"

"அவ தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் டீச்சர். நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு வார்த்தைன்னு சர்டிபிகேட் இருக்கு." சொல்லும்போது அவர் குரலில் பெருமை வந்துவிட்டது.

"அவங்க அடிக்கும்போது நீங்க எங்க இருப்பிய?"

"பின்னாலதான். ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பேன்."

"ஏதாவது சொல்லுவியளா?"

"ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

பெனினாள் நோட்டை மூடி அவரிடம் கொடுத்தாள். அந்த மனுஷர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. ராத்திரி பகல் பாராமல் ஒருத்தியைப் பிழைக்க வைத்த ஆள் அவர் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் சோதனைக்கென்று வைத்திருந்த பெரிய கணக்கு ஒன்றை மிஷினில் ஓடவிட்டாள். நாலு மீட்டரும் பார்த்துக்கொண்டிருக்க, மிஷின் நாலு புள்ளி இரண்டிலேயே ஓடி, மூன்று நிமிஷம் ஐம்பது செகண்டில் கணக்கை முடித்தது.

"பாத்தியளா" என்றார் அவர்.

அவள் பதில் சொல்லாமல் ஜன்னல்களை மூட ஆரம்பித்தாள். ஒவ்வொன்று மூடும்போதும் அவர் தோள் ஒருமுறை குலுங்கியது. நாலாவதை மட்டும் மூடவில்லை. ஐந்து செகண்டுக்கு ஒருமுறை பார், எட்டின உச்சத்தை மட்டும் ஞாபகம் வை என்று மாற்றி, கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறக்கி வைத்தாள். அதே கணக்கை மறுபடி ஓடவிட்டாள். பிறகு மானிட்டரை அணைத்தாள்.

"வாங்க, டீ குடிப்போம்."

"மிஷினு ஓடுதே. யாரு பாத்துக்கிடுவா?"

"யாரும் பாக்க வேண்டாம்."

கீழே டீக்கடையில் அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மாடியையே பார்த்தார். டீ ஆடை கட்டியது. தாங்க மாட்டாமல் கேட்டுவிட்டார்.

"பெட்டியில பொய்யாவா போட்டிருக்கான்?"

"பொய் இல்ல அண்ணாச்சி. அதுக்குள்ள ஆறு பேரு இருக்காங்க, கோருன்னு சொல்லுவோமே. ஆறு பேருக்கும் கரண்டுன்னு ஒரே சோத்துப்பானை. ஒருத்தன் வேலைக்குப் போயி மத்த அஞ்சு பேரும் தூங்குனா, அவங்க பங்கும் அவனுக்கு. அன்னைக்கு ஒரு ஓட்டம் ஓடுவான். உடம்பு சூடேறாம இருந்தா, கொஞ்ச நேரத்துக்கு. பெட்டியில போட்டிருக்கது அந்த ஓட்டம்."

"சரி, மத்த அஞ்சு பேரும் சும்மாதான இருந்தான்?"

"எங்க இருந்தான்? உங்க நாலு மீட்டரும் செகண்டுக்குப் பத்துத் தடவை ஒவ்வொருத்தனையும் தட்டி, என்ன செய்யுத, என்ன செய்யுதன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. தூங்குதேன்னு சொல்லக்கூட எந்திரிக்கணும்லா."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். காசைக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

மாடிக்கு வந்து மானிட்டரைப் போட்டார்கள். கணக்கு முடிந்து கிடந்தது. மூன்று நிமிஷம் முப்பத்தொரு செகண்ட். இறக்கி வைத்த மீட்டரை அவள் மேலே எடுத்தாள். உச்சம் நாலு புள்ளி ஆறு.

அவர் அதைக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார். எத்தனை செகண்ட் அந்த வேகத்தில் நின்றது என்று கேட்டார். தெரியாது என்றாள். யார் பார்த்தது?

மிஷினைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவர், என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து அந்த நோட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை அவர் பிரஸ்ஸுக்குப் போகவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிரஸ்காரர் வீட்டுக்கு வந்து கட்டுக் கட்டாகத் தாளைக் கொடுத்து, செய்து பாருங்கக்கா, சாயங்காலம் சொல்லுங்கள் என்று போனதும், சுயம்புலிங்கம் மிஷினைப் போட்டுக் கொடுத்தார். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டுபோய் மொட்டை மாடியில் வைத்தார். கடையில் வேலை குவிந்து கிடக்கிறது என்று ஒரு பொய் சொன்னார். வடிவு அவரையே பார்த்தாள். உடம்பு கிடம்பு சரியில்லையா என்று அவரைக் கேட்டாள்.

கடையில் அன்றைக்கு ஈ ஓட்டுகிற நிலைமை. ஒரே கீபோர்டை அவர் மூன்று தடவை கழற்றித் துடைத்து மாட்டினார். பதினொரு மணிக்குக் கை போனுக்குப் போனது. பெனினாள் நிமிர்ந்து பார்த்தாள். கை திரும்பி வந்தது. பன்னிரண்டுக்குப் போனது, திரும்பி வந்தது. வடிவு விழுந்து கிடந்தால் என்ன செய்வது என்று ஒரு பயம் வந்தது. பக்கத்து வீட்டம்மா இருக்கிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த ஏழு மணி நேரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்ததைவிடக் கஷ்டமாக இருந்தது அவருக்கு.

நாலு மணிக்கு போன் அடித்தது.

"ஏங்க, நாலு பக்கம் முடிஞ்சிட்டு" என்றாள் வடிவு.

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு எழுந்து நின்றார்.

"இடது கையில பாதி, வலது கையில பாதி. பிரஸ்ல போன் பண்ணி, நானே செஞ்சு தாரேன்னு சொல்லிட்டேன். கேக்கா?"

கேட்கிறது, கேட்கிறது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு போனை வைத்தார். அது பழைய வடிவின் குரல். பிரஸ்ஸிலிருந்து, இன்றைக்கு லேட்டாகும், நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லுகிற குரல். அவர் கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு, குரு பார்க்கிறாளே என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதார். பெனினாள் ஃபேன் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.

அழுது முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்ததும், முப்பத்தொரு வருஷத்துப் பழக்கம் சும்மா இருக்குமா? ஒன்பதிலிருந்து நாலு, ஏழு மணி நேரம். நாலு பக்கம். மனசுக்குள் வகுத்துப் பார்த்தார்.

"டீச்சர், சர்டிபிகேட்ல இருக்க வேகம் அவளுக்கு இனி எப்ப வரும்?"

"அந்தப் பரீட்சை எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம்."

"பிரஸ்ல இருபத்திரண்டு வருஷமும் என்ன வேகத்துல அடிச்சாங்க?"

அவர் யோசித்தார். தினமும் சாயங்காலம் பிரஸ் வாசலில் போய் நிற்பார். முதலில் சைக்கிள், அப்புறம் ஸ்கூட்டர். அவள் விரல் நுனியை முந்தானையில் துடைத்துக்கொண்டே வெளியே வருவாள். மாவு வாங்கியாச்சா, மழை வருமா, உங்கள் அக்கா ஊரிலிருந்து வந்தாளா என்று போகிற வழியெல்லாம் பேசுவார்கள். நிமிஷத்துக்கு எத்தனை என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

"தெரியாது டீச்சர்" என்றார் மெதுவாக.

பெனினாள் தலையாட்டிவிட்டு மேஜையில் கிடந்த போர்டில் திருகைப் பொருத்தினாள்.

அவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். செருப்பை மாட்டினார். இரண்டு படி இறங்கினார். மறுபடி ஏறி வந்து கதவோரம் தலையை நீட்டினார்.

"போனதும் பிழை எத்தனைன்னு மட்டும் கேட்டுக்கிடட்டுமா?"

அவள் தலை நிமிரவில்லை.

"மத்தியானம் சாப்பிட்டாங்களான்னு கேளுங்க, அண்ணாச்சி."