வெறுங்கையைத் தேடி வந்த காக்கை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மலையடி நாட்டைக் கோடைவாணன் என்று ஒரு ராஜா ஆண்டார். கெட்டவர் இல்லை. ஆனால் காலையில் பிடித்தது மாலையில் அவருக்குப் பிடிக்காது.

ஒருநாள் வேட்டைக்குப் போன இடத்தில் ஒரு புள்ளிமான் தானாக வந்து அவர் உள்ளங்கை வேர்வையை நக்கிவிட்டுப் போனது. அவ்வளவுதான். வில்லைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராகச் சபைக்கு வந்தார்.

"காட்டு உயிர் யாரைத் தேடித் தானாக வருகிறதோ, அவர்தான் இனி என் வலப்பக்கம் உட்கார வேண்டும்!"

எல்லோரும் "ஆகா" என்றார்கள். திம்மப்பர் மட்டும் அதில் சேரவில்லை. ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பது அவர் வேலை. வலப்பக்கத்து ஆசனத்தில் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்ததும் அவர்தான். அது போனால் அவரை யார் மதிப்பார்கள்?

மறுநாளே ஆள் கிடைத்துவிட்டது. நந்தவனத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பொம்மி. ராஜா பார்க்கப் போனார், பின்னாலேயே திம்மப்பரும் போனார். பொம்மி மண்வெட்டியோடு நிற்கிறாள். தோளில் ஒரு மைனா. காலடியில் ஒரு கீரிப்பிள்ளை. கொண்டை மேல் ஓர் அணில் ஏறி நின்று, யார் நீ என்பதுபோல ராஜாவையே முறைக்கிறது.

'இவளுக்கா!' திம்மப்பருக்கு வயிறு எரிந்தது. யாரும் பார்க்காதபோது மெல்லக் கையை நீட்டிப் பார்த்தார். மைனா பறந்தது. கையை இழுத்துக்கொண்டதும் திரும்பி வந்து அவள் தோளிலேயே உட்கார்ந்தது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் சபையில் ஆரம்பித்துவிட்டார்.

"மகாராஜா, இது மோசடி! மடியில் கம்புத் தானியம் கட்டி வைத்திருக்கிறாள். தினமும் போடுகிறாள். தின்ன வந்தால் அது தானாக வந்ததா? லஞ்சம் கொடுத்துச் சேர்த்த கூட்டம்!"

ராஜாவின் முகம் மாறியது. "அப்படியா பொம்மி?"

"போடுறேன் சாமி. அதுங்களுக்குப் பசிக்கும்ல?"

"பார்த்தீர்களா! வெறுங்கையோடு நிற்கச் சொல்லுங்கள். ஒன்றும் வராவிட்டால் நந்தவனத்தை விட்டே துரத்திவிடுங்கள்."

நந்தவனத்துக் குடிசையை விட்டால் பொம்மிக்கு வேறு வீடு கிடையாது. ஆனாலும் அவள் அழவில்லை. திம்மப்பரைக் கை காட்டினாள்.

"நிக்கிறேன் சாமி. அய்யாவும் என்கூட வெறுங்கையோட நிக்கட்டும். நாளைக்கு உச்சிப் பொழுதுல, நந்தவனத்து மதில் ஓரமா."

"நிற்கிறேனே!" என்றார் திம்மப்பர். யாரிடமும் ஒன்றும் வராவிட்டால் ஆசனம் தன்னிடமேதானே இருக்கும்?

மறுநாள் சபை முழுக்க ஆசனங்களோடு நந்தவனத்தில் கூடிவிட்டது. கொம்பு ஊதினார்கள், முரசு அடித்தார்கள். அந்தச் சத்தத்தில் எந்த உயிர் வரும்? மைனா வரவில்லை. கீரி புதரை விட்டே வெளியே வரவில்லை. வேம்பிலிருந்து எட்டிப் பார்த்த அணிலும் உள்ளே போய்விட்டது.

திம்மப்பருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்ன பொம்மி, மூட்டை கட்டிவிட்டாயா?"

"பொறுங்க அய்யா. உச்சி இன்னும் வரல."

சூரியன் தலைக்கு நேரே வந்தது. மதில் மேலிருந்து ஒரு நொண்டிக் காக்கை விர்ரென்று இறங்கித் திம்மப்பரின் தோளில் உட்கார்ந்தது. உட்கார்ந்து, அவர் காதுக் கடுக்கனைப் பிடித்து இழுத்தது.

ராஜா கைதட்டினார். "அட, உமக்கு வந்துவிட்டதே!"

திம்மப்பருக்கு உடம்பெல்லாம் கூசியது. ராஜாவுக்கு மான். தோட்டக்காரிக்கு மைனா. தனக்குக் காக்கையா?

"சீ! இதெல்லாம் ஒரு பறவையா மகாராஜா? குப்பை கிளறுகிற சனியன்!" என்று தட்டிவிட்டார். அது மறுபடி வந்தது. காலில் இருந்த செருப்பைக் கழற்றி வீசினார். இறக்கையில் பட்டு, அது கத்திக்கொண்டே மதில் மேல் ஏறியது.

"அய்யா, அது உங்க காக்கா இல்லையா?" என்றாள் பொம்மி.

"என் காக்கையா?"

"மதிலுக்கு அந்தப் பக்கம்தானே உங்க கொல்லை? தினம் உச்சியில இலையில சோறு வெச்சு, 'அப்பா, வாங்கப்பா'ன்னு கூப்பிடுவீங்களே. தண்ணி பாய்ச்சறப்ப தினம் கேக்குறேன். இன்னிக்கு நீங்க இங்க நிக்கிறீங்க. அதான் தேடி வந்திருக்கு."

திம்மப்பர் மதில் மேல் பார்த்தார். நொண்டிக் கால். அதேதான்.

ராஜா எழுந்தே விட்டார். "செருப்பால் அடித்தது உம் அப்பாவையா?"

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன் சாமி," என்றாள் பொம்மி. "அது அய்யா போடுற சோத்துக்கு வருதா, தானா வருதா?"

திம்மப்பர் மனசுக்குள் கணக்குப் போட்டார். சோற்றுக்கு என்றால், பெற்ற அப்பாவுக்கே லஞ்சம் கொடுத்ததாக ஆகும். தானாக என்றால், கம்பு தின்ற மைனாவும் தானாக வந்ததுதான். எப்படிச் சொன்னாலும் மாட்டிக்கொள்வார்.

"சொல்லும் ஓய்!"

"தானாகத்தான் வருகிறது," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பொம்மி, இனிமேல் வலப்பக்கம் நீதான்! திம்மப்பரே, உம்மைத் தேடியும்தான் வந்தது. வந்ததை அடித்தீர். உமக்கு ஆசனம் கிடையாது. போய் முதலில் அதற்குச் சோறு கொண்டு வாரும்!"

கொண்டு வந்தார். அத்தனை பேருக்கு முன்னால் "கா, கா" என்று கூப்பிட்டார். காக்கை அசையவில்லை.

"இலையைக் கீழ வெச்சுட்டு நாலடி தள்ளி நில்லுங்க அய்யா," என்றாள் பொம்மி. "இன்னொரு செருப்பையும் வீசுவீங்களோன்னு பாக்குது."

மிச்சமிருந்த செருப்பையும் கழற்றி வைத்தார். தள்ளி நின்றார். உச்சி வெயிலில் தரை கொதித்தது. காக்கை இறங்கி வந்து ஒரு வாய் எடுத்தது, அவரைப் பார்த்தது, இன்னொரு வாய் எடுத்தது.

அவருக்குப் பின்னால் பொம்மியை ஆசனத்தில் உட்கார வைத்து எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். பொறாமை அதற்குள் போய்விட்டதா என்றால் இல்லை. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து துடித்தது. உள்ளங்கால் வெந்தது. ஆனாலும் அவர் அசையவில்லை. அசைந்தால் அது பறந்துவிடும்.