மண்ணெண்ணெய் ஏன் சந்நிதிக்குள் போவதில்லை

எண்ணெய்களுக்கெல்லாம் வாய் இருந்த காலம் அது. வாய் இருந்ததால் வம்பும் இருந்தது.

அந்தக் காலத்தில் மலைக்கடியில் ஒருவன் கிடந்தான். பாறை பிளந்த வழியாக மேலே வந்தான். தண்ணீரைவிட லேசான உடம்பு. எந்த இடுக்கிலும் புகுந்துவிடுவான். வாடைதான் ஆளைத் தூக்கும். பெயர் கிடையாது. "அது வருது, மூக்கைப் பொத்து" என்பார்கள். அவனுக்கு வேண்டியது ஒரு பெயர். வேறொன்றும் இல்லை.

கேட்கச் சந்நிதிக்குப் போனான். அங்கே நல்லெண்ணெய்தான் பெரியவர். விளக்கை விட்டு எழுந்திருக்காமலே பேசினார். எண்ணெய் என்றால் எள்ளின் நெய்யாம். பெயர் அவர் வீட்டுச் சொத்தாம். வேம்புக்கும் ஆமணக்குக்கும் போனால் போகிறதென்று கொடுத்தாராம். அவர்களுக்கு விதை உண்டு, செக்கில் நசுங்கி வந்தவர்கள்.

"நீ எந்த விதை? எந்தச் செக்கு?"

"விதை இல்லை. மண்தான் என் அம்மா. மலை என்மேல் உட்கார்ந்திருந்தது. உங்கள் செக்கு அதைவிடக் கனமா?"

வேப்பெண்ணெய் சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. எள்ளுக்குப் பிறந்தவன் என்று விளக்கின் முன்னால் சொல், வாடையையும் விட்டுவிடு, பெயர் தருகிறேன் என்றார்.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். அவனும் வாயைத் திறந்தான்.

"அம்மாவை மாற்ற மாட்டேன்."

சொன்ன சூட்டோடு பக்கத்துத் திரியில் ஏறினான். குப்பென்று பிடித்தது. மேற்கூரையெல்லாம் கரி. வெளியே தள்ளி, உள்ளிருந்து இரும்புத் தாழ்ப்பாளைப் போட்டார்கள்.

அடைமழை பிடித்தது. தாழ்ப்பாள் துருவேறி இறுகிவிட்டது. திரி போட வந்தவர்கள் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பினார்கள். உள்ளே ஒவ்வொரு விளக்காக அணைந்தது. பெரியவர் தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்தார். வழுக்கியது, அசையவில்லை. நான் போகிறேன் என்று விளக்கெண்ணெய் கிளம்பியது. போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. விளக்கெண்ணெய் அல்லவா.

கதவிடுக்கில் அந்த வாடை வந்தது.

"அடேய், இதைக் கொஞ்சம் இளக்கிவிடு" என்றார் பெரியவர்.

"யாரைக் கூப்பிடுகிறீர்கள்?"

"உன்னைத்தான்."

"எனக்குத்தான் பெயர் இல்லையே."

கடைசி விளக்கும் படபடத்தது. பெரியவர் தொண்டையைச் செருமினார். "மண்..." என்று இழுத்தார்.

"முழுசாகச் சொல்லுங்கள் பெரியவரே. அம்மா பெயர் வந்துவிட்டது. மீதி?"

"மண்ணெண்ணெய். போதுமா?"

மலை இறங்கின மாதிரி இருந்தது அவனுக்கு. கதவுக்கடியில் நுழைந்தான். துருவுக்குள் புகுந்தான். தாழ்ப்பாள் கிறீச்சென்று விலகியது.

பெரியவர் விளக்கில் ஒதுங்கி இடம் விட்டார். வாடையோடே வா என்றார்.

"பெயருக்குத்தான் வந்தேன். இடம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று மழைக்குள் போய்விட்டான்.

அந்தத் தாழ்ப்பாள் விலகிய நாளிலிருந்துதான் அடுப்பில், அரிக்கேன் விளக்கில், இறுகிய ஆணியில் எல்லாம் அவன் உண்டு, சந்நிதி விளக்கில் மட்டும் இல்லை. விரட்டிவிட்டார்கள் என்பார்கள். பொய். அவன்தான் போகவில்லை. அவன் இருக்கும் புட்டியின் மூடியைத் திறந்து வைத்துப் பாருங்கள். சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விடுவான், அம்மா வீட்டு வாடையை மட்டும் விட்டுவிட்டு.