சிவப்பு வயரின் காயம்

ஒரு வாடகைக் காரின் டாஷ்போர்டுக்குப் பின்னால் சிவப்பு வயர் ஒன்று குடியிருந்தது. ஏசியின் காற்றாடிக்கு மின்சாரம் கொண்டுபோவது அதன் வேலை. பக்கத்து இரும்புப் பட்டையில் உரசி உரசி அதன் தோல் ஓரிடத்தில் கிழிந்திருந்தது. வயர் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வெட்டி எறிந்துவிடுவார்கள் என்று பயம்.

வண்டி பள்ளத்தில் இறங்கினால் காயம் பட்டையைத் தொடும். மின்சாரம் வெறிகொண்டு பாயும். அந்தக் கணமே பியூஸ் பெட்டியில் காவல் இருக்கும் பியூஸ் உயிரை விட்டுப் பாதையை அறுத்துவிடும். ஏசி நிற்கும். வயர் பிழைக்கும்.

இப்படி இரண்டு பியூஸ்கள் போயின. மூன்றாவது வந்ததும் கேட்டது:

"எனக்கு முன்னாடி இருந்தவங்க எப்படிப் போனாங்க?"

"சொத்தைப் பயலுக. தாங்கலை" என்றது வயர், கூசாமல்.

"உன் உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

"ஒளிக்காதே தம்பி. நான் ஒரு தடவைதான் சாக முடியும்."

அன்று மதியமே பாலத்து இறக்கத்தில் அதுவும் செத்தது.

சித்திரை வெயில். ஓட்டுநர் மரியதாஸ் சட்டை பிழியப் பிழிய நனைந்து பட்டறையில் நின்றார்.

"சந்தனண்ணே, இது மூணாவது பியூஸ். ஏறுறவங்கெல்லாம் திட்டிட்டுத்தான் இறங்குறாங்க. வயரைக் கொஞ்சம் பாருங்களேன்."

வயர் டாஷ்போர்டு இருட்டுக்குள் இன்னும் ஒடுங்கிக்கொண்டது.

"டாஷ்போர்டைக் கழட்டணும்டா. ரெண்டு நாள் வண்டியை விட்டுட்டுப் போறியா?"

"ஐயையோ! வாசல்ல சவாரிக்கு ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்களே!"

"அப்ப பேசாம இரு." மெக்கானிக் சந்தனம் ஒரு செம்புக் கம்பியை நறுக்கி, செத்த பியூஸின் இரண்டு கால்களையும் சேர்த்துச் சுற்றிச் சொருகினார். "இனி ஆயுசுக்கும் போகாது."

காற்று குளுகுளுவென்று வந்தது. வயர் துள்ளியது. "வாங்க அண்ணே, வாங்க! நீங்க லேசுல சாகமாட்டீங்களாமே?"

"சாகுறதா? அப்படின்னா?" என்றது செம்புக் கம்பி.

ரயில்வே கேட் மேட்டில் வண்டி தூக்கிப் போட்டது. காயம் பட்டையில் பதிந்து ஒட்டிக்கொண்டது. பழக்கப்படி எல்லாம் அடங்கிவிடும் என்று வயர் காத்திருந்தது.

எதுவும் அடங்கவில்லை. சூடு ஏறியது. தோல் இளகிச் சொட்டியது. என்ன நடக்கிறது என்பதே வயருக்கு விளங்கவில்லை. விளங்கியபோது உடம்பில் பாதி கரியாகியிருந்தது.

"அண்ணே, அறுந்துடுங்க! எரியுறேண்ணே!"

"எதுக்கு?"

"மத்தவங்கெல்லாம் இதுக்குத்தானே செத்தாங்க!"

முன்பக்கம் முழுக்கப் புகை. மரியதாஸ் இருமிக்கொண்டே பின்கதவைத் திறந்து, சவாரி வந்த அந்த அம்மாவைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். டாஷ்போர்டு இடுக்கில் தீ நாக்கு நீட்டியது.

செம்புக் கம்பி திகைத்துப்போய்க் கேட்டது: "கரண்டை நிறுத்தாம விடணும்னுதானே என்னை வச்சாங்க? நான் நிறுத்தவே இல்லையே!"