குனியாத வண்டி

கோவையில் ரிமோட் கார் பந்தயம் விடுகிறவர்களில் ரங்கநாயகம் முதலாளிக்குத்தான் வாய் நீளம். மேடுபள்ளத்தில் ஓட்டுகிற தன் குட்டிக் காரை ஒருநாள் விரலால் அமுக்கிப் பார்த்தார். அது அமுங்கி எழுந்தது. அவ்வளவுதான், மெக்கானிக் மயிலாத்தாள் மேல் பாய்ந்தார்.

“என் வண்டி எவனுக்கும் குனியக் கூடாது! ஷாக் அப்சார்பரை உள் ஓட்டையிலிருந்து கழட்டி, வெளி ஓட்டையில மாட்டி இறுக்கு. வண்டி துள்ளவும் கூடாது. துள்ளுச்சுன்னா உனக்கு வேலை இல்ல.”

“உள் ஓட்டையிலதான் அமுங்கிக் குடுக்குமுங்க. வெளி ஓட்டையில இறுக்குனா விறைச்சு, மேட்டுல துள்ளுமுங்க.”

“எனக்கே பாடமா?”

சொன்னபடியே இறுக்கினாள். பந்தயத்தில் முதல் மேட்டிலேயே வண்டி துள்ளிக் கவிழ்ந்தது. கூட்டம் சிரித்தது. “கிளம்பு!” என்று கத்தினார் முதலாளி.

“போறனுங்க” என்ற மயிலாத்தாள், ஒரு டம்ளர் டீயை அவர் கையில் கொடுத்தாள். “அதுக்கு முன்னாடி, இந்த டீயைச் சிந்தாம அந்த மேடுகளைத் தாண்டிக் காட்டுங்க. முழங்கால் மட்டும் மடங்கக் கூடாதுங்க.”

இத்தனை பேர் பார்க்கும்போது விடுவாரா? விறைப்பாக நடந்தார். முதல் மேட்டில் பாதி டீ சட்டையில் கொட்டியது. அடுத்த மேட்டில் முழங்கால் தானாகவே மடங்கியது. மீதி டீ தப்பியது.

“பாத்தீங்களா, உங்க காலே உங்க பேச்சைக் கேக்கலீங்க. முதல்ல அதை வேலையை விட்டு நிறுத்துங்க. அப்புறம் நான் போறனுங்க.”

“உள் ஓட்டையிலயே மாட்டித் தொலை” என்றார் முதலாளி, சட்டையைப் பிழிந்துகொண்டே.